கனியும் ஜெசியும்: நான்காவது புத்தகத்தில் மாட்டிக்கொண்டேன்

கரிசல்காரி:
எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு எட்டு வயது. ராத்திரி தூங்கவைக்கச் சொன்ன கதைகளை எழுதிப் பார்க்கலாம் என்று இறங்கினேன். கோவில்பட்டியில் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பிள்ளைகள், கனி, ஜெசி. மூன்றாம் வகுப்பு. ஆறு சின்னப் புத்தகங்கள், ஒவ்வொன்றும் 32 பக்கம், ஏழிலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு என்று கணக்கு.

முதல் கதை தானாக வந்தது. கனியின் சொட்டாங்கல்லில் ஒன்று தொலைந்துபோகிறது, இருவரும் தெருவையே புரட்டித் தேடுகிறார்கள். இரண்டாவதில் கனிக்கு வாய்ப்பாடு வரவில்லை, ஜெசி உதவுகிறாள். மூன்றாவதில் கனியின் ஆட்டுக்குட்டியைக் காணவில்லை, ஜெசி உதவுகிறாள். நான்காவதை எழுத உட்கார்ந்தால் எனக்கே கொட்டாவி.

பார்த்த பதிப்பாளர் ஒருவர், "நட்பு நல்ல தலைப்பும்மா, ஆனா ஒவ்வொண்ணுலயும் ஒரு நீதி வரட்டும், பின்னட்டையில போட்டுடலாம்" என்றார். என் மகள் மூன்றாவது கதை நடுவில், "ஜெசி எப்பவும் சரி சரின்னே சொல்லிட்டு இருக்கா" என்று திரும்பிப் படுத்துவிட்டாள். இருவரில் யார் பேச்சைக் கேட்பது?

கிளைநூலகம்:
மகள் பேச்சை. நான் கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை வரும் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் ஜோடியாகத்தான் வருவார்கள். ஒரு புத்தகத்தை எடுத்து ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து, ஒருத்தி வாசிக்க ஒருத்தி படம் பார்ப்பாள். "நான் இவ, நீ அவ" என்று ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். உங்கள் கதையைக் கொடுத்தால் இரண்டு பேரும் கனியைத்தான் கேட்பார்கள். ஜெசியாக இருக்க எவளும் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

நீதிப் பக்கத்தைப் பற்றி: எங்கள் பிள்ளைகள் அந்தப் பக்கம் வந்ததும் புத்தகத்தை மூடிவிடுவார்கள். கதை முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஓலைச்சுவடி:
நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். அம்மா எழுதியிருப்பதைப் படித்ததும் தோன்றியது இது. உங்கள் ஜெசி ஒரு சங்க காலத்துத் தோழி. அகப்பாட்டில் அதிகம் பேசுகிறவள் அவள்தான். தலைவிக்காகத் தூது போவாள், தாயிடம் பொய் சொல்வாள், தலைவனைக் கடிந்துகொள்வாள். ஆனால் அவளுக்கென்று ஒரு ஆசை, ஒரு ஏக்கம், சொந்தமாக ஒரு கோபம்? தேடிப் பாருங்கள். தொல்காப்பியம் அவளைச் செவிலியின் மகள் என்கிறது. பிறப்பிலேயே அடுத்தவளின் கதைக்குத் துணை என்று எழுதிவைத்தாயிற்று. ஈராயிரம் வருடப் பழக்கம், நமக்கே தெரியாமல் கைக்கு வந்துவிடுகிறது.

வெள்ளைத்தாள்:
ஐயா, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தொல்காப்பியமா? :)

ஓலைச்சுவடி:
பிள்ளைக்கு இல்லை தம்பி, எழுதுகிறவருக்கு. பிள்ளைக்கு வேண்டுமானால் நற்றிணை 172 இருக்கிறது. தோழிகளோடு விளையாடிய ஒரு சிறுமி புன்னை விதை ஒன்றை மணலில் அழுத்தி வைத்து மறந்துவிடுகிறாள். அது முளைத்துவிடுகிறது. பாலும் நெய்யும் விட்டு வளர்க்கிறார்கள். அம்மா, "இது உன்னைவிட நல்லவள், உன் தங்கச்சி" என்கிறாள். பெரியவளானபின் அந்த மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேச வெட்கம், தங்கச்சி பார்க்கிறாளே! முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் உங்கள் வரிசைக்கு ஒரு புத்தகம் ஆயிற்று. விதையைப் புதைத்தது கனியா ஜெசியா என்று ஒரு தகராறும் கிடைக்கும்.

காய்விட்டவள்:
தகராறு. அந்தச் சொல்லைத்தான் இந்த இழையில் தேடிக்கொண்டிருந்தேன். அக்கா, மூன்று கதை எழுதியும் உங்கள் பிள்ளைகள் ஒரு தடவைகூட காய் விடவில்லையே, எப்படி?

எட்டு வயதுப் பெண்பிள்ளைகளின் நட்பில் பாதி நேரம் காய்தான். எங்கள் ஊரில் சுண்டுவிரலை நீட்டினால் காய். பழத்துக்கு ஊருக்கு ஒரு விரல். இதில் இருக்கும் சட்டதிட்டம் எந்தக் கோர்ட்டிலும் கிடையாது. காய் விட்டவளோடு நேராகப் பேசக்கூடாது, ஆனால் பேசாமலும் இருக்க முடியாது. அதனால் நடுவில் ஒருத்தியை நிறுத்தி, "அவகிட்ட சொல்லு, என் ரப்பர் அவகிட்ட இருக்கு" என்பாள். இரண்டடி தூரத்தில் நிற்கிறவள், "அவகிட்ட சொல்லு, அது எங்க அப்பா வாங்கினது" என்பாள். நடுவில் நிற்பவளுக்கு அன்றைக்கு ராஜமரியாதை.

அப்புறம் திருப்பிக் கொடுக்கும் படலம். கொடுத்த கிளிப், பாதி பென்சில், நோட்டுக்குள் வைத்த மயிலிறகு எல்லாம் திரும்ப வரவேண்டும். அந்த மயிலிறகு போட்ட குட்டி யாருக்குச் சொந்தம் என்று நானும் என் சிநேகிதியும் ஒரு வாரம் பேசாமல் இருந்தோம். குட்டி போடவே இல்லை என்பது வேறு விஷயம். இதெல்லாம் பெரியவர்களுக்குச் சிரிப்பு. அந்த வயதில் ராத்திரி தூக்கம் வராது. நீங்கள் எழுத வேண்டியது அந்தத் தூக்கம் வராத ராத்திரியை.

கரிசல்காரி:
எனக்குக் கையெல்லாம் பரபரக்கிறது. கோவில்பட்டி என்று வைத்துவிட்டுக் கடலைமிட்டாயை எப்படி மறந்தேன்! 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். காக்கா கடி கடித்துப் பாதி கொடுத்த கடலைமிட்டாயைத் திருப்பிக் கேட்டால்?

காய்விட்டவள்:
அக்கா, போய் எழுதுங்க. இங்கே உட்காராதீங்க.

பாலைப்பழம்:
வணக்கம், நான் இலங்கை, வடக்குப் பக்கம். நாங்கள் காய், பழம் என்று சொல்வதில்லை. கோவம், நேசம். "நான் உன்னோட கோவம்" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சொட்டாங்கல்லை நாங்கள் கொக்கான் என்போம். ஆனாலும் உங்கள் சொல்லை மாற்ற வேண்டாம். கீழே குறிப்புப் போட்டு விளக்கவும் வேண்டாம். சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பும் படம் ஒன்று இருந்தால் என் மகளுக்கு விளங்கிவிடும். நாங்கள் உங்கட சொற்களைப் படித்துத்தானே வளர்ந்தோம். ஒருநாளைக்கு எங்கட சொற்களையும் நீங்கள் குறிப்பில்லாமல் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓலைச்சுவடி:
நியாயம். கல்லாட்டத்துக்கே எத்தனை பெயர்! அஞ்சாங்கல், தட்டாங்கல், கல்லாங்காய், இப்போது கொக்கான். சங்கப் பாட்டில் கழங்கு.

இரவல்வாசகன்:
எனக்கு வேறொரு கேள்வி. ஆறு புத்தகத்திலும் இவர்கள் மூன்றாம் வகுப்பிலேயே இருப்பார்களா, வளர்வார்களா? வரிசை எழுதும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது இது.

அமெரிக்காவில் இரண்டு விதமும் நடந்திருக்கிறது. மாட் ஹார்ட் லவ்லேஸ் 1940இல் தொடங்கிய பெட்ஸி-டேசி வரிசையும் உங்களுடையதைப் போல மகளுக்குத் தூங்கும்போது சொன்ன கதையில் பிறந்ததுதான். மினசோட்டாவில் மன்கேட்டோ என்ற ஊரில் தான் வளர்ந்த தெருவையே வேறு பெயரில் எழுதினார். முதல் புத்தகத்தில் பெட்ஸிக்கு ஐந்து வயது, 1955இல் வந்த கடைசிப் புத்தகத்தில் அவளுக்குக் கல்யாணம். பிள்ளைகள் வளர வளர நடையும் கடினமாகிக்கொண்டே போகும், வாசிக்கிற பிள்ளையும் கூடவே வளர்ந்தால்தான் சரிப்படும்.

எதிர்ப்பக்கம், ஆன் எம். மார்ட்டின் 1986இல் தொடங்கிய பேபி-சிட்டர்ஸ் கிளப். நான்கு புத்தகம் என்றுதான் திட்டம். பிய்த்துக்கொண்டு போனதால் 2000 வரை 131 வந்தன, பின்னால் நிறைய வேறு ஆட்கள் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் ஏழாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்கு ஒருமுறை ஏறினார்கள். அப்புறம் எத்தனை கோடை விடுமுறை வந்தாலும் எட்டாம் வகுப்புதான்!

காய்விட்டவள்:
நம் ஊரில் வளரவிட்டால் ஒரு இடத்தில் முட்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒருத்திக்குச் சடங்கு வைப்பார்கள். அன்றோடு தெருவில் கல்லாட்டம் போயிற்று. என் சிநேகிதி எதிர்வீட்டு ஜன்னலில் நின்று நான் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுவருடம் நான் ஜன்னலில் நின்றேன். அதை எழுதாமல் பெண்பிள்ளைகளின் நட்பை எழுத முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளைத்தாள்:
ஏழு வயதுப் பிள்ளை வாசிக்கிற புத்தகத்தில் அது எதற்கு? அதற்கு வேறு புத்தகம் எழுதலாம்.

காய்விட்டவள்:
ஏழு வயதுப் பிள்ளைக்கு அக்கா இருப்பாளே. வீட்டில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்.

கரிசல்காரி:
இரண்டு பேரும் சண்டை போடாதீர்கள், காய் விட்டுவிடாதீர்கள். ஆறாவது புத்தகத்திலும் எனக்கு அவ்வளவு தூரம் போகத் தைரியம் இல்லை. ஆனால் கனிக்கு ஒரு அக்கா இருக்கலாம், அந்த அக்கா ஜன்னலில் நிற்கலாம். யோசிக்கிறேன்.

மகள்அப்பா:
ஒன்று கேட்கலாமா? தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே தெரு, ஒரே வகுப்பு என்கிறீர்கள். கனி வீட்டில் ஜெசி தண்ணீர் குடிப்பாளா? எந்த டம்ளரில்?

கரிசல்காரி:
...கேட்டுவிட்டீர்கள். முதல் கையெழுத்துப் படியில் அது இருந்தது. கனியின் ஆச்சி ஜெசிக்கு மட்டும் ஜன்னல் திட்டில் இருக்கும் டம்ளரில் தண்ணீர் கொடுப்பாள். சின்ன வயதில் நான் பார்த்ததுதான், என் சொந்த ஆச்சிதான். நட்புக் கதையில் எதற்குக் கசப்பு என்று எடுத்துவிட்டேன்.

மகள்அப்பா:
திரும்ப வையுங்கள். என் மகளுக்கு அந்த மாதிரி டம்ளர் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள், நானும் அதில் குடித்து வளர்ந்தவன். அவள் வந்து என்னிடம் கேட்டது, "அப்பா, அவங்க வீட்ல எனக்குன்னு தனி டம்ளர் வெச்சிருக்காங்க, நான் ஸ்பெஷலா?" நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. நீங்களும் விளக்கம் எழுத வேண்டாம், ஆச்சியைக் கெட்டவளாக்கவும் வேண்டாம், கடைசியில் திருத்தவும் வேண்டாம். டம்ளர் திட்டில் இருக்கட்டும். அதைக் கனி பார்க்கட்டும். பார்த்தபின் அவள் கை என்ன செய்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

கிளைநூலகம்:
இதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஒரே ஒரு வார்த்தை. பதிப்பாளர் அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்வார். எதற்கும் தயாராக இருங்கள்.

தூரிகை:
நான் படம் வரைகிறவள். உங்கள் பிள்ளைகளை வரையச் சொன்னால் எனக்கு முதல் தலைவலி யூனிஃபார்ம். இரண்டு பேருக்கும் ஒரே சீருடை, ஒரே ரெட்டைச் சடை, ஒரே நிற ரிப்பன். முகத்தை வைத்து மட்டும் வித்தியாசம் காட்டினால் சின்னப் படத்தில் தெரியாது. நிழலாக வரைந்தாலும் இவள் கனி, இவள் ஜெசி என்று தெரிய வேண்டும். ஒருத்தி நெட்டை, ஒருத்தி குட்டை என்பது பழைய வழி. நான் நடையைக் கேட்பேன். யார் குதித்துக்கொண்டு போவாள், யார் பையை ஒரு தோளில் மட்டும் மாட்டுவாள், யாருக்கு எப்போதும் ஒரு சடை அவிழ்ந்திருக்கும்? இதை முதல் புத்தகத்திலேயே ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளாவிட்டால் நான்காவதில் ஜெசி வேறு பிள்ளையாகிவிடுவாள்.

இன்னொன்று, பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு வரிசைக்கு முதல் புத்தகத்துக்கு மொத்தமாக ஒரு தொகை வாங்கினேன். இரண்டாவது, மூன்றாவது புத்தகங்களுக்கு என் படங்களையே வெட்டி ஒட்டி, சட்டையின் நிறத்தை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்ட தாளில் அதற்கு இடம் இருந்தது, நான்தான் படிக்கவில்லை. ஆகவே புத்தகத்துக்குப் புத்தகம் தனி ஒப்பந்தம், உங்களுக்கும் சரி, படம் வரைகிறவருக்கும் சரி. பாத்திரங்கள் யாருக்குச் சொந்தம் என்றும் எழுதி வாங்குங்கள்.

சிவகாசிமை:
அச்சகத்தில் இருபது வருடம் இருந்தவன் என்ற முறையில் இரண்டு விஷயம். நீங்கள் 32 பக்கம் என்றது சரியான கணக்கு, ஒரு ஃபாரம் (ஒரே தாளில் அச்சடித்து மடிக்கிற பகுதி) 16 பக்கம், இரண்டு ஃபாரம். ஆனால் கதைக்கு 32 கிடைக்காது. தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம் எல்லாம் போக 28 அல்லது 29தான். 33 ஆனால் அடுத்த ஃபாரத்துக்குப் போய்விடும், செலவு ஏறும். கதையைப் பக்கத்துக்குப் பக்கம் பிரித்து ஒரு டம்மி தைத்துப் பாருங்கள், நோட்டுத்தாளில் போதும். எந்தப் பக்கத்தைத் திருப்பினால் காய், எந்தப் பக்கத்தில் பழம் என்று கையிலேயே தெரியும்.

இரண்டாவது, 32 பக்கத்துக்கு நடுவில் பின் அடிப்பார்கள். முதுகு இருக்காது, அதனால் அலமாரியில் நிறுத்தினால் பெயர் தெரியாது. வரிசை எண்ணை முன்னட்டையின் மேல் மூலையில் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தின் அடையாள எண், ஒவ்வொரு பாகத்துக்கும் தனி. இந்தியாவில் அதற்குக் கட்டணம் கிடையாது, யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கிளைநூலகம்:
அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஆறு பாகமும் ஒன்றாக வரும் என்று எந்த நிச்சயமும் இல்லை. மூன்றாம் பாகம் மட்டும் இருக்கிற தொடர்கள் எங்கள் அலமாரியில் இருக்கின்றன, முதல் பாகத்தை நானே பார்த்ததில்லை. அதனால் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் தனியாகப் புரிய வேண்டும்.

கரிசல்காரி:
நான்கு நாள் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். இரண்டாவது கதையை அடியோடு மாற்றிவிட்டேன். இந்தத் தடவை ஜெசிதான் காய் விடுகிறாள். அவள் படம் வரைவதில் கெட்டிக்காரி, அவள் வரைந்த மயிலைத் தன்னுடையது என்று கனி டீச்சரிடம் காட்டிவிடுகிறாள். நடுவிலிருந்து ஒரு துண்டு:

ஜெசி கையில் மஞ்சள் பை. கனி வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.
"ஏட்டி, உன் கிளிப்பு. உன் பாதி பென்சிலு. உன் பாசி."
ஒவ்வொன்றாகத் திண்ணையில் வைத்தாள்.
"எல்லாம் சரியாப் போச்சா?" என்று கேட்டாள் ஜெசி.
கனி எண்ணிப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அழக்கூடாது என்று கோபமாகப் பேசினாள்.
"இல்ல. கடலைமிட்டாய் எங்க?"
"எந்தக் கடலைமிட்டாய்?"
"கோயில் கொடைக்குக் காக்கா கடி கடிச்சு குடுத்தேம்லா? பாதி."
ஜெசி யோசித்தாள். அது வயிற்றுக்குள் போய் மூன்று மாதம் ஆகிவிட்டது.
"நாளைக்குத் தாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.
அன்று ராத்திரி ஜெசி உண்டியலைக் கவிழ்த்தாள். இரண்டு ரூபாய் இருந்தது. ஒரு முழு மிட்டாய் வாங்கினால் பாதியை என்ன செய்வது? பாதி மிட்டாயை எந்தக் கடையில் கொடுப்பார்கள்?
கனிக்கும் தூக்கம் வரவில்லை. உண்மையான நட்பு பொருளில் இல்லை, மனதில்தான் இருந்திருக்கிறது என்று அவள் புரிந்துகொண்டிருந்தாள்.

காய்விட்டவள்:
பாதி மிட்டாயை எந்தக் கடையில் கொடுப்பார்கள்! அக்கா, நான் அழுதுவிட்டேன். சிரித்துக்கொண்டேதான்.

கிளைநூலகம்:
கடைசி வரியை வெட்டுங்கள். பின்னட்டைக்குப் போகவேண்டிய நீதி உள்ளே நுழைந்துவிட்டது. "கனிக்கும் தூக்கம் வரவில்லை" போதும்.

"புரிந்துகொண்டிருந்தாள்", "இருந்திருக்கிறது" மாதிரி சொற்களையும் பாருங்கள். பள்ளிகளில் வாசிப்பு இயக்கப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் வாசகி நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் இருப்பவள். எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளை இவ்வளவு நீளச் சொல்லின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கத்தை மறந்துவிடும். பேச்சு கோவில்பட்டியாக, கதை சொல்வது எளிய எழுத்துத் தமிழாக இருப்பது நன்றாக இருக்கிறது, அதை மாற்றாதீர்கள்.

வெள்ளைத்தாள்:
கனி செய்தது திருட்டு இல்லையா? டீச்சரிடம் உண்மையைச் சொல்ல வேண்டாமா? பெற்றோர் கேட்பார்கள்.

ஓலைச்சுவடி:
கேட்கட்டும் தம்பி. பிள்ளை கேட்டால் பதில் சொல்ல வேண்டும். பெற்றோர் கேட்டால் புத்தகத்தை நீட்டினால் போதும்.

வெள்ளைத்தாள்:
நான் ஒத்துக்கொள்ளவில்லை. தப்புச் செய்தவளே கணக்குக் கேட்கிறாள், அது எனக்கு உறுத்துகிறது. உபதேசம் வேண்டாம், ஆனால் மயில் யாருடையது என்று வகுப்பில் யாருக்காவது தெரியவேண்டும்.

கரிசல்காரி:
உறுத்துவது சரிதான். அங்கே எனக்கும் ஒரு ஓட்டை தெரிகிறது. டீச்சர் மயிலைச் சுவரில் ஒட்டுகிறார். தினமும் ஜெசி அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கனிக்கு அது அவளைவிடப் பெரிய தண்டனை. ஒருநாள் கனி பெஞ்சில் ஏறி, கீழே தன் பெயரை அடித்து ஜெசி பெயரை எழுதுகிறாள். எழுத்துப் பிழையோடு. டீச்சர் கேட்பது பிழையைப் பற்றித்தான்.

வெள்ளைத்தாள்:
சரி, இதற்கு ஒத்துக்கொள்கிறேன்.

மகள்அப்பா:
டம்ளர்?

கரிசல்காரி:
இந்தப் புத்தகத்திலேயே வருகிறது. ஜெசி முழு மிட்டாயோடு வருகிறாள், வெயில், தண்ணீர் கேட்கிறாள். கனி உள்ளே போய் ஒரு டம்ளரில்தான் கொண்டுவருகிறாள், வீட்டு டம்ளர். முதலில் அவள் பாதி குடித்துவிட்டு மீதியைக் கொடுக்கிறாள். ஆச்சி பார்க்கிறாள். ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

மகள்அப்பா:
அச்சில் வந்ததும் முதல் பிரதி எனக்கு. காசு கொடுத்தே வாங்குகிறேன்.

கரிசல்காரி:
நேற்று ராத்திரி மகளுக்கு வாசித்தேன். முடிந்ததும் ஒரே கேள்வி: "அந்த முழு மிட்டாய்ல யார் பெரிய பாதி எடுத்தா?" எழுதியிருக்கவில்லை. இன்று காலையில் அவளாகவே முடிவு செய்துவிட்டு வந்து சொன்னாள், ஆச்சியாம்.

தூரிகை:
மாதிரிக்கு இரண்டு பேரையும் வரைந்துகொண்டிருக்கிறேன். முதல் புத்தகத்தில் கனிக்கு முன்பல் விழுந்திருக்கும் என்று எழுதியிருந்தீர்களே, இடதா வலதா? ஆறிலும் ஒரே மாதிரி வரவேண்டும்.

கரிசல்காரி:
வலது. ஆனால் ஆறிலும் வராது, இரண்டாவது புத்தகத்தில் பாதி முளைத்துவிட்டது.